காபி கேள்வி பதில்: கையால அரைச்சு எஸ்ப்ரெஸோ

போன இதழ்ல, காபிக்கொட்டையைக் கையால சுத்தி அரைக்கிற ஹேண்ட் க்ரைண்டர் பத்தி போற போக்குல ஒரே ஒரு வரிதான் எழுதினேன், அதைப் பிடிச்சுக்கிட்டு இத்தனை பேர் கேட்பீங்கன்னு நினைக்கல. அதனால இந்த வாட்டி பூரா அதேதான், டீ குடிக்கிறவங்க பக்கத்தைத் திருப்பிக்கோங்க.

வீட்டுக்காரர் பிறந்தநாளுக்கு எஸ்ப்ரெஸோ மிஷின் வாங்கிக் கொடுத்தேன். மிக்ஸியில அரைச்சுப் போட்டா பத்து செகண்ட்ல தண்ணி மாதிரி ஊத்திடுது. குடிச்சா கசப்பும் இருக்கு புளிப்பும் இருக்கு. ஹேண்ட் க்ரைண்டர் வாங்கினா சரியாகுமா, இல்ல அதுவும் தண்டச் செலவா? (தாம்பரம் வாசகி)

மேடம், மிஷினைத் திட்டாதீங்க. மிக்ஸியையும் திட்டாதீங்க, அது பாவம் சட்னிக்குப் பொறந்தது. அதோட பிளேடு காபிக்கொட்டையை அடிச்சு உடைக்குதே தவிர ஒரே அளவா அரைக்கிறதில்ல, கையில எடுத்துத் தேச்சுப் பாருங்க, கொஞ்சம் மாவு, கொஞ்சம் ரவை, நடுவுல அரைக்கொட்டை கூட கிடக்கும். நம்ம ஃபில்டர்ல தண்ணி தன் பாட்டுக்கு சொட்டு சொட்டா இறங்குது, அதனால அது இதையெல்லாம் ஓரளவு மன்னிச்சுடும். எஸ்ப்ரெஸோவுல அப்படி இல்ல, சுமார் 9 பார் அழுத்தத்துல தண்ணி வந்து முட்டுது, எங்க ரவையா சந்து கிடைக்குதோ அந்த வழியா பாஞ்சு ஓடிடும். ரவையில சாறு சரியா இறங்காம புளிப்பு, மாவுல அளவுக்கு மேல இறங்கி கசப்பு, ரெண்டும் ஒரே கப்புல வந்து உக்காந்துக்கும். நீங்க குடிச்சது அதைத்தான்.

ஹேண்ட் க்ரைண்டர் உள்ள கூம்பு மாதிரி ஒரு இரும்பு பர் (கொட்டையை அரைக்கிற பல்லு) சுத்தும், அதைச் சுத்தி இன்னொரு வளையம் அசையாம நிக்கும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைத் தாண்டாம எந்தத் துண்டும் கீழ விழ முடியாது. அந்த இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிறதுதான் முழு வித்தையும். 18 கிராம் பொடி போட்டு, 25லேர்ந்து 30 செகண்டுக்குள்ள 36 கிராம் காபி இறங்குதான்னு பாருங்க, அங்கேர்ந்து நாக்குக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம். வேகமா இறங்கினா நைஸா அரைங்க, சொட்டவே மாட்டேன்னா கொஞ்சம் பெருசா. சமையல் தராசு பத்தாது, 0.1 கிராம் காட்டுற சின்னத் தராசு ஒண்ணு வேணும்.

வாங்கும்போது அழகையும் மரப்பிடியையும் பார்த்து ஏமாறாதீங்க, கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: இடைவெளியை மாத்தற திருகை ஒரு க்ளிக் திருப்பினா பர் எவ்வளவு நகருது? ஃபில்டருக்கும் பிரெஞ்சு பிரஸ்ஸுக்கும் செஞ்ச க்ரைண்டர்ல ஒரு க்ளிக் தாண்டினா ஷாட் (ஒரு தடவை இறங்குற எஸ்ப்ரெஸோ) 18 செகண்ட்லேர்ந்து 45 செகண்டுக்குத் தாவும், நடுவுல நிக்க இடமே இருக்காது, நான் ஆறு மாசம் அந்தக் கொடுமையை அனுபவிச்சிருக்கேன். கின்க்ரைண்டர் கே6ல ஒரு க்ளிக் 16 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), ஒன்ஸிபிரெஸ்ஸோ ஜே-அல்ட்ராவுல 8 மைக்ரான். எஸ்ப்ரெஸோவுக்கு இந்த ரகம் வேணும்.

ஒரு விஷயம் மறந்துட்டேன், மிஷினோட வந்த, பொடி போடுற கூடையைத் திருப்பி அடியில பாருங்க. வெளிப்பக்கம் ஒரே ஒரு ஊசி ஓட்டை மட்டும் இருந்தா அது டபுள் வால் கூடை, அதுல எந்தப் பொடி போட்டாலும் நுரை மாதிரி ஏதோ வரும், நீங்க எவ்வளவு நல்லா அரைச்சாலும் வித்தியாசம் பெருசா தெரியாது. அடி பூரா சல்லடையா இருக்கிற கூடையை வாங்கிட்டு அப்புறம் க்ரைண்டருக்குப் போங்க.

எங்க பாட்டி வீட்டுல மேஜை ஓரத்துல முறுக்கி மாட்டுற பழைய காபி மிஷின் இருக்கு, கைப்பிடி சுத்தி அரைக்கிறது. அதையே துடைச்சு எடுத்து எஸ்ப்ரெஸோவுக்கு யூஸ் பண்ணலாமா? (மதுரை வாசகர்)

தம்பி, ஆசை நியாயமானது, ஆனா வேலைக்கு ஆகாது. அந்த மிஷினைப் பிடிச்சு கைப்பிடியை மேல கீழ ஆட்டிப் பாருங்க, லொட லொடன்னு ஆடும். அந்த ஆட்டம் இருக்கிற வரைக்கும் இடைவெளி ஒரு பக்கம் அகலம் ஒரு பக்கம் குறுகல், எஸ்ப்ரெஸோ அளவு நைஸுக்கு இறுக்கினா இரும்பும் இரும்பும் உரசும். இப்ப வர்ற நல்ல க்ரைண்டர்ல மேலயும் கீழயும் பேரிங் வெச்சு அச்சை ஆடாம பிடிச்சிருப்பாங்க, காசு போறதே அங்கதான். (கார் கம்பெனின்னு நாம நினைக்கிற பெஜோ 1840லயே காபி மில் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, கார் எல்லாம் அப்புறம் வந்தது.) பாட்டி மிஷின்ல பீபெரி (உருண்டையா இருக்கிற காபிக்கொட்டை) அரைச்சு பித்தளை ஃபில்டர்ல போடுங்க, அதுக்கு அது ராஜா.

வாங்கிட்டேன் சார். ஆனா லைட் ரோஸ்ட் போட்டு அரைச்சா கை கழண்டு போகுது, நான் மட்டும்தான் இப்படியா? (கோவை வாசகர்)

இல்ல சார், எல்லாருக்கும்தான். லைட் ரோஸ்ட் கொட்டை கல்லு மாதிரி இருக்கும், டார்க் ரோஸ்ட் வறுபட்டு வறுபட்டு உள்ள பொரிஞ்சிருக்கிறதால மொறுமொறுன்னு சட்டுனு உடையும். ரெண்டையும் மாத்தி மாத்தி அரைச்சீங்கன்னா உங்க தோள்பட்டையே எது எதுன்னு சொல்லிடும்.

நேரா நிமித்திப் பிடிச்சு அரைக்காதீங்க, க்ரைண்டரை ஏறக்குறைய படுக்க வெச்ச மாதிரி சாய்ச்சுப் பிடிச்சு அரைங்க. கொட்டை மொத்தமா பர்ல போய் விழாம கொஞ்சம் கொஞ்சமா போகும், கைப்பிடி நடுவுல சிக்கி நிக்காது. பிடிச்சிருக்கிற கையை நெஞ்சோட ஒட்டி வெச்சுக்கோங்க, மணிக்கட்டை மட்டும் சுத்தாதீங்க. மெதுவா, ஒரே சீரா. கடகடன்னு போயிட்டிருக்கும், கடைசி நாலு கொட்டை உள்ள போனதும் சத்தம் மாறி கைப்பிடி திடீர்னு இலகுவா சுத்தும் பாருங்க, அந்த ஒரு நிமிஷம் எனக்கு இன்னும் அலுக்கல. அதுக்கப்புறமும் பத்து சுத்து சும்மா சுத்துங்க, பர் இடுக்குல கொஞ்சம் தங்கியிருக்கும்.

இன்னொண்ணு, நேத்து சரியா இருந்த க்ளிக் நம்பர் இன்னைக்கு சரியா இருக்கணும்னு இல்ல. பாக்கெட் பிரிச்சு நாள் ஆக ஆக கொட்டைக்குள்ள இருக்கிற வாயு வெளியேறிடும், ஷாட் வேகமா ஓட ஆரம்பிக்கும், ரெண்டு மூணு நாளைக்கு ஒரு க்ளிக் இறுக்க வேண்டி வரும். வறுத்த அன்னைக்கே போட்டாலும் நுரைச்சுத் தள்ளும், ஒரு வாரம் விட்டுப் போடுங்க.

அரைச்ச பொடி பூரா டப்பாவுல ஒட்டிக்குது, தட்டினா மேடை பூரா சிதறுது. அப்புறம், பர்ரைக் கழுவலாமா? (பெங்களூரு வாசகி)

ஒட்டுறது ஸ்டாடிக், அரைக்கும்போது உரசி உரசி மின்சாரம் ஏறுது. அரைக்கிறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பூன் காம்பைத் தண்ணியில நனைச்சு, காபிக்கொட்டையை அதால ஒரு கிளறு கிளறுங்க, ஒரு சொட்டு போதும். நானும் முதல்ல இதைப் பாட்டி வைத்தியம்னுதான் நினைச்சேன், ஆனா அமெரிக்காவுல ஓரிகான் பல்கலைக்கழகத்துல கிறிஸ்டோபர் ஹெண்டனோட குழு இதையே ஆராய்ச்சி பண்ணி 2023ல பேப்பர் போட்டாங்க, தண்ணி சேர்த்தா ஸ்டாடிக்கும் குறையுது, பொடி கட்டி கட்டியா சேர்றதும் குறையுதுன்னு. அப்படியும் கட்டி இருந்தா, ஒரு கார்க்ல மெல்லிசான ஊசி நாலஞ்சு குத்தி வெச்சு கூடைக்குள்ள கிளறி விட்டுட்டு டேம்ப் பண்ணுங்க, அதாவது பொடியை அமுக்கி விடுங்க.

கழுவக்கூடாது. நான் ஒரு தடவை சோப்பு போட்டு பளபளன்னு கழுவி, வெயில்ல காய வெச்சு, பெருமையா மாட்டினேன், ரெண்டாவது நாள் பர் பல்லு ஓரத்துல பழுப்பு புள்ளி. பிரஷ்ஷும், அமுக்கினா காத்து ஊதுற ரப்பர் பல்பும் போதும். கழட்டி மாட்டினா ஜீரோவைத் திரும்பக் கண்டுபிடிக்கணும்: கொட்டை இல்லாம, கைப்பிடி தானா சுத்தாம நிக்கிற வரைக்கும் இறுக்குங்க, அதுதான் ஜீரோ, அங்கேர்ந்து எண்ணிட்டு வாங்க. அந்த நம்பரை எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டிடுங்க, நான் ஒட்டாம மூணு நாள் காபியை சிங்க்ல ஊத்தினேன்.

வீட்டுல அஞ்சு பேர், எல்லாருக்கும் காலையில ஏழு மணிக்குள்ள காபி வேணும். ஹேண்ட் க்ரைண்டர் போதுமா? (திருச்சி வாசகி)

போதாதுங்க. ஒரு டோஸுக்கு ஒரு நிமிஷம், கொட்டையைப் பொறுத்து ஒன்றரை, அஞ்சு தடவை அரைச்சு, நடுவுல அஞ்சு தடவை எடை போட்டு, டேம்ப் பண்ணி, பால் நுரைச்சு... மூணாவது ஆளுக்குக் கொடுக்கும்போதே உங்க காபி ஆறிப் போயிருக்கும், அஞ்சாவது ஆளு கிளம்பிப் போயிருப்பார். ஒருத்தர், மிஞ்சினா ரெண்டு பேர் குடிக்கிற வீட்டுக்குத்தான் நான் இதை சொல்லுவேன், அதுவும் குழந்தை தூங்கும்போது சத்தம் போடாம அரைக்கணும்னா இதை அடிச்சுக்க ஆளில்ல. உங்க வீட்டுக்கு எலக்ட்ரிக் க்ரைண்டர் பாருங்க, அதுவரைக்கும் ராத்திரியே ஃபில்டர்ல டிகாக்ஷன் இறக்கி வெச்சுடுங்க.