மாத்திரையா, பயிற்சியா: வலி எதனால்?

கேள்வி: டாக்டர், கொலஸ்ட்ராலைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டின் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. நடந்துவிட்டு வந்தால் வலது முழங்கால் வலிக்கிறது. மாத்திரைதான் காரணமா?

பதில்: இரத்தத்தில் கலந்த மருந்துக்கு வலது, இடது தெரியாது. அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஸ்டாட்டின் வகை மருந்துகளின் வலி என்றால் பெரும்பாலும் இரண்டு தொடைகளிலும், இடுப்பிலும், கெண்டைக்கால்களிலும் ஒருசேர வரும். அதுவும் மூட்டில் அல்ல, சதையில். மாத்திரையை விட்டுவிட்டு முழங்காலைக் கவனியுங்கள் என்று சொல்லமாட்டேன். மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே முழங்காலைக் கவனியுங்கள்.

கேள்வி: நெடுநாள் கழித்து எடை தூக்கினேன். இரண்டாம் நாள் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சி.கே. அளவு 700. பயந்துபோய் ரோசுவாஸ்டாட்டினை நிறுத்திவிட்டேன்.

பதில்: பரிசோதனைக்குத் தவறான நாளைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். சி.கே. என்பது தசை இழைகள் சிதையும்போது இரத்தத்தில் கசியும் நொதி. பழக்கமில்லாத பளுவைத் தூக்கினால், ஸ்டாட்டினைத் தொட்டே பார்க்காதவருக்கும் அது பல மடங்கு ஏறும். ஒரு வாரம் கடும் பயிற்சி இல்லாமல் இருந்து மறுபடி பாருங்கள். மாத்திரையைத் திரும்பத் தொடங்குவது பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள். இயல்பான உச்ச வரம்பைப் போல் பத்து மடங்கைத் தாண்டினாலோ, சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனாலோ காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனை.

கேள்வி: மாத்திரை சாப்பிட்டால் உடற்பயிற்சியின் பலன் வீணாகிவிடும் என்கிறார்களே?

பதில்: இந்தப் பேச்சுக்கு ஒரு மூலம் உண்டு. 2013இல் வந்த ஆய்வு ஒன்றில், உடல் பருமனானவர்கள் 12 வாரம் பயிற்சி செய்தார்கள். பயிற்சி மட்டும் செய்தவர்களின் உடல்திறன் 10 சதவீதம் உயர்ந்தது. கூடவே சிம்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 1.5 சதவீதம்தான். கேட்டால் திகைப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதில் இருந்தவர்கள் 37 பேர். அதே ஆண்டில் 420 பேருக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம் அல்லது மருந்தே இல்லாத போலி மாத்திரை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். தசை வலிமையோ, பயிற்சித் திறனோ குறையவில்லை. தசைவலி மட்டும் மருந்தெடுத்தவர்களில் 9.4 சதவீதம், மற்றவர்களில் 4.6 சதவீதம். நெதர்லாந்தின் நைமேகன் நகரில் நடக்கும் நெடுந்தூர நடை நிகழ்வில் நாளுக்கு 30 முதல் 50 கிலோமீட்டர் என நான்கு நாள் நடந்தவர்களையும் சோதித்தார்கள். ஸ்டாட்டின் எடுப்பவர்களின் தசைக்குக் கூடுதல் சேதம் தெரியவில்லை. பயிற்சியை நிறுத்த இதில் எனக்கு ஒரு காரணமும் தென்படவில்லை. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினால் போதும்.

கேள்வி: எனக்கு உண்மையாகவே வலிக்கிறது ஐயா. மனப்பிரமை என்று தள்ளிவிடுகிறார்கள்.

பதில்: தள்ளிவிடுவது தவறு. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேருக்கு, சில மாதம் மருந்து, சில மாதம் போலி மாத்திரை, சில மாதம் ஒன்றுமில்லை என மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 2020இல் வந்த முடிவு: மருந்தின்போது இருந்த தொல்லையில் சுமார் 90 சதவீதம் போலி மாத்திரையிலும் இருந்தது. வலி நிஜம், காரணம்தான் பெரும்பாலும் வேறு. அவர்களில் பாதிப் பேர் மருந்துக்குத் திரும்பினார்கள். உங்களுக்கு அளவைக் குறைப்பது, வேறு ஸ்டாட்டினுக்கு மாறுவது, தைராய்டு பார்ப்பது எல்லாம் மிச்சமிருக்கின்றன.

கேள்வி: கோஎன்சைம் க்யூ10 வாங்கலாமா?

பதில்: அது செல்கள் ஆற்றல் உண்டாக்க உதவும், உடலே தயாரிக்கும் பொருள். ஸ்டாட்டின் இரத்தத்தில் அதன் அளவைக் குறைப்பது உண்மை. மாத்திரையாகச் சாப்பிட்டால் வலி தீரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

கேள்வி: சிம்வாஸ்டாட்டின் எடுக்கிறேன். சளிக்குக் கிளாரித்ரோமைசின் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

பதில்: இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள். கிளாரித்ரோமைசின், கல்லீரல் சிம்வாஸ்டாட்டினைக் கழிக்கும் வழியை அடைத்துவிடும். இரத்தத்தில் மருந்து பல மடங்கு ஏறி தசை சிதையலாம். எழுதிக் கொடுத்தவரை இப்போதே அழையுங்கள்.