வறுமை விசுவாசக் குறைவின் அடையாளமா?

கேள்வி: சம்பளம் வந்தவுடன் அதில் பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தைத் தவறாமல் சபைக்கென்று எடுத்து வைத்துவிடுகிறோம், ஆனாலும் கடன் தீரவில்லை. எங்கள் விசுவாசக் குறைவினால்தான் ஆசீர்வாதம் தடைபடுகிறது என்றும், கடன் வாங்கியாவது காணிக்கை ‘விதைக்க’ வேண்டும் (பலமடங்காய்த் திரும்ப வரும் என்று நம்பிக் கொடுக்க வேண்டும்) என்றும் ஒரு பிரசங்கியார் சொல்கிறார். இது வேதத்தின்படி சரியா? – ஒரு வாசகி

பதில்: சரியல்ல, சகோதரி. வேதாகமத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்கு எழுதப்பட்ட கடிதங்களுள், சிமிர்னாவுக்கும் லவோதிக்கேயாவுக்கும் எழுதப்பட்டவற்றை ஒருசேர வாசித்துப் பாருங்கள். சிமிர்னாவின் விசுவாசிகள் தரித்திரர். அவர்களைத்தான் ஆண்டவர் ஐசுவரியமுள்ளவர்கள் என்கிறார். அக்கடிதத்தில் அவர்கள்மேல் ஒரு குறையும் சொல்லப்படவில்லை. பணம் வந்து சேரும் என்ற வாக்குத்தத்தமும் இல்லை. வரப்போகும் பாடுகளும் ஜீவகிரீடமுமே பேசப்படுகின்றன.

லவோதிக்கேயாவோ பணப்புழக்கத்துக்கும் கருங்கம்பளி நெசவுக்கும் மருத்துவத்துக்கும் பேர்போன நகரம். கி.பி. 60இல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது, ரோமின் உதவியின்றித் தன் வளத்தைக் கொண்டே அது மீண்டெழுந்தது என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அத்தகைய ஊரின் சபை ‘எனக்கு ஒரு குறைவுமில்லை’ என்று எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் ‘நீ தரித்திரன், குருடன், நிர்வாணி’ என்பதே அதற்குக் கிடைத்த மறுமொழி. புடமிடப்பட்ட பொன்னையும் வெண்வஸ்திரத்தையும் கண்ணுக்கு இடும் மருந்தாகிய கலிக்கத்தையும் தம்மிடம் வாங்கும்படி ஆண்டவர் சொல்வது, அவ்வூரார் பெருமை பாராட்டிய மூன்றையும் தொட்டுத்தான் என்று விளக்கவுரையாளர் பலர் கருதுகின்றனர்.

இதனால் பணமே பாவம் என்று ஆகிவிடாது. எல்லாத் தீமைக்கும் வேராக அப்போஸ்தலனாகிய பவுல் சுட்டுவது பண ஆசையையே. ஐசுவரியவான்களை அவர் விரட்டவில்லை, தாராளமாய்க் கொடுக்கச் சொல்கிறார்.

தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3:10 மேடைதோறும் முழங்குகிறது. கூலிக்காரரின் கூலியை அபகரிப்போரையும் விதவைகளை ஒடுக்குவோரையும் கண்டிக்கும் அதே அதிகாரத்தின் 5ஆம் வசனம் மட்டும் ஏனோ அவ்வளவாகக் காதில் விழுவதில்லை!

கடன் வாங்கிக் கொடுக்கும் காணிக்கையைப் பொறுத்தவரை, ஒருவனுக்கு ‘இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே’ அது அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. அன்புகூருகிற கடனைத் தவிர வேறெதிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் என்பது ரோமர் 13:8. எனவே காணிக்கைக்காகப் புதுக்கடன் வாங்காதீர்கள். கணவருடன் அமர்ந்து கணக்குப் பார்த்து, வட்டி அதிகமுள்ள கடனை முதலில் அடையுங்கள். அதுவரை காணிக்கை உறையில் வைக்கும் தொகை குறைந்தாலும் மனம் குறுகுறுக்க வேண்டியதில்லை.