நீல மாதுளம்பழம்

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம். ராணிப்பேட்டை பக்கம் ஒரு சர்ச் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் டிராயிங்காக இருந்தது, இந்த வருஷம் அதைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். கேட்டால், ‘கிறிஸ்துமஸ் புரோகிராம், வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) ஆக்‌ஷன் சாங் எல்லாம் இருக்கே, போதாதா’ என்கிறார் கரஸ்பாண்டன்ட். கிறிஸ்தவக் கல்விக்குக் கலை எதற்கு என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது? நல்ல ஆக்டிவிட்டி புத்தகம் ஏதாவது சொல்லுங்கள்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

புத்தகம் வேண்டாம். கரஸ்பாண்டன்ட்டை அப்புறம் பார்ப்போம். ‘போதாதா’ என்ற அந்தக் கேள்விக்காகத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் போன டிசம்பரில் காட்பாடியில் ஒரு பள்ளி விழாவுக்குப் போய் வந்ததிலிருந்து இதே வேதனைதான். ஸ்பீக்கரில் பாட்டு ஓடுகிறது, பிள்ளைகள் வாயை மட்டும் அசைக்கிறார்கள், மேடைக்குக் கீழே டீச்சர் கையை ஆட்ட அத்தனை பிள்ளையும் அவரைப் பார்த்தே ஆட்டுகிறது. தேவதூதனின் இறக்கை முதல் மேய்ப்பனின் தாடி வரைக்கும் வாடகை. அதில் பிள்ளை தானாகச் செய்தது என்று ஒன்றுகூட இல்லை. தயவுசெய்து அதைக் கலை என்று சொல்லாதீர்கள். வி.பி.எஸ்.ஸில் கொடுக்கிற செராக்ஸ் ஆட்டுக்குட்டியும் அப்படித்தான்.

வேதாகமத்தில் யாத்திராகமத்தை எடுங்கள். 20ஆம் அதிகாரத்தில் விக்கிரகம் செய்யாதே என்ற அதே கடவுள், 25இல் பொன்னால் கேருபீன்கள் என்ற இறக்கை வைத்த உருவங்களைச் செய்யச் சொல்கிறார். 31இல் பெசலெயேல் வருகிறான். தேவ ஆவியால் நிரப்பினேன் என்று கடவுளே பெயர் சொல்லிச் சொல்கிற முதல் ஆள் அவன்தான். ஆசாரியனோ தீர்க்கதரிசியோ இல்லை, பொன்னிலும் வெண்கலத்திலும் வேலை செய்கிறவன், கல் பதிக்கிறவன், மரம் செதுக்குகிறவன். 35ஆம் அதிகாரம் அதோடு விடவில்லை, அவனுக்கும் அவனோடு வேலை செய்த அகோலியாபுக்கும் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற மனதையும் கொடுத்தார் என்கிறது. அந்த இடத்தில் நிற்கிறது யார் தெரியுமா அம்மா, உங்கள் வெள்ளிக்கிழமை பீரியட்தான். 28ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியன் ஆரோனின் அங்கித் தொங்கலில் இளநீல நூலிலும் மாதுளம்பழம் வைக்கச் சொல்லியிருக்கிறது. எந்த மரத்தில் நீல மாதுளை காய்க்கிறது? குருத்தோலை ஞாயிறு கழுதைக்கு ஊதா அடித்த பிள்ளையின் தாளில் சிவப்பு மையால் ‘தப்பு’ என்று எழுதுகிற டீச்சர்களை எனக்குத் தெரியும். நீங்களும் அப்படி எழுதுகிறவர் என்றால் இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு டீச்சர், ஆடு மேய்த்த தாவீது ராட்சதன் கோலியாத்தைக் கவணால் வீழ்த்திய கதையைச் சொல்லி முடித்து, ‘நீங்களே நடிச்சுக் காட்டுங்க’ என்று மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டார். விடிய விடிய பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வேறு எப்படி நடிப்போம்? இரண்டு பேர் போர்வையைத் திரையாகப் பிடிக்க, பின்னால் நின்று தன் பெருமையைத் தானே பாடிவிட்டு, அட்டைக் கிரீடமும் தோளில் புஜகீர்த்தியுமாக வெளியே குதித்தான் கோலியாத். கூத்தில் கோமாளியாக வருகிற கட்டியக்காரன் அவனிடம் ஊர், பேர் விசாரித்தான். தாவீதாக வந்தவன் நிஜமாகவே ஆடு மேய்க்கிற வீட்டுப் பையன், கவணை வீட்டிலிருந்தே கொண்டுவந்தான். சபைப் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, கூத்தெல்லாம் இந்த வளாகத்துக்குள் கூடாது என்று நிறுத்தினார். அந்த வருஷ விழாவில் வெள்ளை உடுப்பில் வரிசையாக நின்று ஏதோ இங்கிலீஷ் பாட்டு பாடினோம்.

எனக்கு இன்னமும் ஆறாத விஷயம் இது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) குறத்தி குறி சொல்கிற நாடக வகையான குறவஞ்சியை எடுத்து பெத்லகேம் குறவஞ்சி பாடியவர், அவர் பாட்டுகளை இன்றும் சபையில் பாடுகிறோம். குறவஞ்சிக்கு இடம் இருந்த சபையில் கூத்துக்கு ஏன் இல்லாமல் போனது? கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப தம்பிரான் ஆடிய பழைய வட ஆற்காடு இது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் போய் யூடியூபைப் பார்த்து ஸ்டெப் சொல்லிக்கொடுக்கிறோம்.

சரி, கரஸ்பாண்டன்ட். கலை வந்தால் கணக்கில் மார்க் ஏறும் என்றெல்லாம் அவரிடம் கெஞ்சாதீர்கள், அந்த வழியில் போனால் மார்க் ஏறாத வருஷம் பீரியட் மறுபடி போய்விடும். வேதத்தோடு போய் உட்கார்ந்து 35ஆம் அதிகாரத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். வெள்ளைத் தாளும் கிரேயானும் போதும், பிள்ளைகள் வரையும்போது கிட்டே போய்த் திருத்தாதீர்கள். அதற்குப் பிறகும் பீரியட் தர மறுத்தால் எனக்கு எழுதுங்கள், நானே ராணிப்பேட்டைக்கு வந்து அவரிடம் பேசுகிறேன்.