கேத்தலுக்குக் கீழே ஒரு குழி

கேள்வி: எல்லவில் என் மகன் இரண்டு அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறான். ஜப்பானியத் தேநீர் அறையில் இருப்பதுபோல் தரைக்குள் அடுப்பு வைக்கப்போகிறானாம். பாய் விரித்த தரையில் நெருப்பா? புகை எங்கே போகும்?
– வாசகி, பண்டாரவளை

பதில்: அக்கா, நானும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன்தான். கவ்வாத்து மலையிலிருந்து சுமந்து வந்த மிலாறை, அதாவது வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளை, மூட்டி அம்மா ஊதினால், பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா முழுக்கப் புகை. அடுப்பு என்றாலே எனக்கு முதலில் கண்தான் எரியும்.

ஜப்பானியர் இதில் விறகு வைப்பதில்லை, கரிதான். குனுகி என்னும் ஓக் வகை மரத்தின் கரி. அறுத்த முகம் செவ்வந்திப் பூப்போல் இருக்கும். தூசு ஒட்டியிருந்தால் பொறி பறக்கும் என்று அதைக் கழுவிக் காயவைத்தே அடுக்குவார்கள்.

குழியின் பெயர் ‘ரோ’. ஏறக்குறைய 42 சென்ரிமீற்றர் சதுரம். அந்த அளவுக்குப் பாயில் இடம் விட்டு, கீழே ஒரு மரப்பெட்டியை இறக்கி, உட்புறமெல்லாம் மண் பூசுகிறார்கள். அடியில் தடிப்பாகச் சாம்பல், அதில் ஊன்றிய இரும்பு முக்காலி, அதன்மேல் இரும்புக் கேத்தல். வாயைச் சுற்றி ‘ரோபுச்சி’ என்னும் மரச்சட்டம். பாயைக் காப்பது மண்ணும் சாம்பலும்தான். வெள்ளிக்கிழமைதோறும் சாணியும் மண்ணும் குழைத்து அடுப்பு மெழுகிய எங்கள் அம்மாவிடம் இதைக் காட்டியிருந்தால், “இதற்கா ஒரு பேர்?” என்று கேட்டிருப்பார்.

சில கேத்தல்களின் உள்ளடியில் சிறு இரும்புத் துண்டுகளை ஒட்டியிருப்பார்கள். நீர் கொதிக்கும்போது பைன் மரத்தில் காற்று அடிப்பதுபோல் ஓசை எழும். நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் இந்தக் குழி; மே மாதம் அதை மூடிவிட்டு, ‘ஃபுரோ’ என்ற தூக்கி வைக்கும் கணப்பை விருந்தினருக்குச் சற்றுத் தள்ளி வைப்பார்கள்.

எனக்குப் பயம் புகையில் இல்லை. புகை கண்ணைக் கரித்துக் காட்டிக்கொடுத்துவிடும். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்குப் பயந்து சன்னலை அடைத்துக்கொண்டு படுக்கும் அறையில் அது ஆளையே கொன்றுவிடும். ஜப்பானிலேயே இப்போது பல இடங்களில் குழிக்குள் மின் அடுப்பைத்தான் வைக்கிறார்கள். மகனும் அதையே வைக்கட்டும். சட்டத்துக்குப் பலாப் பலகை போதும்.

கேள்வி: அந்தக் கேத்தலில் நம் டஸ்ட் தேயிலையைப் போடலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: அதில் வெந்நீர் மட்டும்தான் தம்பி. பச்சைத் தேயிலைத் தூளைக் கிண்ணத்தில் இட்டு, அகப்பையால் வெந்நீர் ஊற்றி, மூங்கில் மத்தால் அடித்துத் தூளோடு குடிப்பார்கள். டஸ்ட்டை அப்படி அடித்துக் குடித்தால் தொண்டையில் சக்கைதான் நிற்கும்.