வாசிக்கத் திணறும் பிள்ளைகள்: ஒரு தனிப்பயிற்சி ஆசிரியரின் பதில்கள்

மகன் மூன்றாம் வகுப்பு. பாடப் புத்தகத்தை மளமளவென்று வாசிக்கிறான், புதுக் கதை கொடுத்தால் திணறுகிறான். சோம்பலா?

சோம்பல் இல்லைங்க. பாடத்தைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்திருக்கலாம். அதே பாடத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள், அங்கே தடுமாறினால் ஒப்பித்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். மனப்பாடத்தை வாசிப்பு என்று நம்பி இரண்டு மூன்று வருடத்தை இழந்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

அப்புறம் எந்த எழுத்தில் நிற்கிறான் என்று ஒரு தாளில் குறியுங்கள். 247 எழுத்து என்று மலைக்க வேண்டாம். 12 உயிர், 18 மெய், உயிர்மெய்க் குறிகள் பிடிபட்டால் மற்றவை தானாக வரும். என்னிடம் வருபவர்களில் பலர் மாட்டுவது கொம்பில்தான். 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, எ ஒலியோ 'க்'குக்குப் பிறகு வருகிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும். இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக ஒலித்துப் பார்க்கும் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? கொம்பையும் எழுத்தையும் சேர்த்து ஒரே அட்டையில் எழுதிக் காட்டுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு குறி, இருபது நிமிடம், போதும்.

எத்தனை மாதத்தில் சரியாகும்?

பார்க்காத பிள்ளைக்குக் கணக்குச் சொல்ல முடியாது.

ஐந்து வயது மகள் சில எழுத்துகளைத் திருப்பிப் போடுகிறாள். டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடா?

இந்த வயதில் சகஜம். ஏழு வயது தாண்டியும் தொடர்ந்து, வாசிப்பும் பின்தங்கினால் சிறப்புக் கல்வியாளரிடம் காட்டுங்கள். அதற்கு முன் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். வாசிக்கும்போது போட வண்ண மூக்குக்கண்ணாடி வாங்கலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம். அதனால் வாசிப்பு மேம்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள், கண் மருத்துவர்கள் அமைப்புகள் 2009 இலேயே கூட்டாகச் சொல்லிவிட்டன.

தப்பான சொல்லை ஐம்பது தடவை எழுத வைத்தால் போதாதா? நாங்கள் அப்படித்தான் படித்தோம்.

இம்போசிஷன் எழுதும் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? முதல் எழுத்தை ஐம்பது வரிக்கும் மேலிருந்து கீழாக எழுதிவிட்டு, அப்புறம் இரண்டாம் எழுத்துக்கு வரும். முழுச் சொல் மனதில் ஒரு தடவைகூட ஓடியிருக்காது.

மறுபடியும் அவரே: ஒழுக்கமாவது வரும். திரும்பத் திரும்பச் செய்யாமல் எது மனதில் நிற்கும்?

திரும்பச் செய்வதை நான் மறுக்கவில்லை, எப்படிச் செய்வது என்பதில்தான் சண்டை. 2006 இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். ஒரு குழு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தது, இன்னொன்று வாசித்துவிட்டு மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முதல் குழு முன்னால் நின்றது, ஒரு வாரம் கழித்து இரண்டாம் குழு. அதனால் சொல்லைப் பார், மூடு, சொல்லிக்கொண்டே எழுது, திறந்து சரிபார். அடுத்த நாள் ஒரு தடவை, மூன்று நாள் கழித்து ஒரு தடவை. பெரிய வகுப்புப் பாடங்களுக்கும் இதுதான். ஒழுக்கம் வேண்டுமென்றால் தினமும் ஒரே நேரத்தில் உட்கார வையுங்கள், எழுத்தைத் தண்டனையாக்காதீர்கள், தண்டனையாகிவிட்ட எழுத்திடம் பிள்ளையைத் திரும்பக் கூட்டிவருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

கணக்கிலும் பின்தங்குகிறான், என்ன செய்ய?

கணக்கு என் துறை இல்லை. கேள்வியை நீங்கள் வாசித்துக் காட்டிப் பாருங்கள், அப்போது போட்டுவிட்டால் சிக்கல் வாசிப்பில். இல்லையென்றால் கணக்கு ஆசிரியரைக் கேளுங்கள்.

மூன்று மாதத்தில் பலன் தெரியுமா?

மேலே சொல்லிவிட்டேன். தடுமாறும் எழுத்துகளின் பட்டியல் வாராவாரம் குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பையனுக்கு 14 வயது. சின்னப் பிள்ளைகள் புத்தகம் கொடுத்தால் கோபப்படுகிறான்.

கோபம் நியாயம்தானே. அவனுக்குப் பிடித்த விளையாட்டைப் பற்றி நீங்களே நாலு வரி எளிதாக எழுதிக் கொடுங்கள், தம்பி தங்கை இல்லாத அறையில் வாசிக்கட்டும். அதே நாலு வரியை மூன்று நாள் வாசிக்கட்டும், நடுவில் திருத்தாதீர்கள், முடித்த பிறகு ஒரே ஒரு தப்பை மட்டும் சொல்லுங்கள்.