‘ஜாங்கோ-அட்மின்’ கட்டளையை விண்டோஸ் ஏற்கவில்லையா?

பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப் வழியே ஜாங்கோ (பைத்தானில் இணையதளம் உருவாக்க உதவும் கட்டமைப்பு) ஒழுங்காக நிறுவப்பட்டது, ஆனால் ‘ஜாங்கோ-அட்மின்’ என்று அடித்தால் அப்படியொரு கட்டளையே இல்லை என்று விண்டோஸ் சொல்கிறது என்றீர்கள். தயவுசெய்து ஜாங்கோவை அழித்து மறுபடி நிறுவாதீர்கள், கோளாறு அதில் இல்லை. அந்தக் கட்டளை பைத்தானின் ‘ஸ்கிரிப்ட்ஸ்’ கோப்புறையில் இருக்கிறது. கட்டளைகளை எங்கெங்கே தேடவேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் ‘பாத்’ பட்டியலில் அந்தக் கோப்புறை இல்லாவிட்டால் விண்டோஸ் அங்கே தேடாது. ஜாங்கோவை வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (ஒரு ப்ராஜெக்ட்டுக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் சூழல்) நிறுவிவிட்டு, அதை ஆக்டிவேட் செய்ய மறந்தாலும் இதே கதிதான். கட்டளை அடிக்கும் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அந்த என்விரான்மென்ட்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால்,

பைத்தான் -எம் ஜாங்கோ ஸ்டார்ட்ப்ராஜெக்ட் கடை .

என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். இதில் ‘கடை’ என்பது ப்ராஜெக்ட்டின் பெயர். கடைசிப் புள்ளிக்கு முன் ஓர் இடைவெளி கட்டாயம். புள்ளியை விட்டுவிட்டால் ‘கடை’க்குள் இன்னொரு ‘கடை’ கோப்புறை உருவாகும். ப்ராஜெக்ட் பெயரில் ஹைஃபன் ஆகாது, அடிக்கோடு போடலாம். ‘டெஸ்ட்’ என்றும் வைக்காதீர்கள். பைத்தானிலேயே அந்தப் பெயரில் ஒரு மாட்யூல் (நிரல் தொகுதி) உண்டு.