கதவணை ஆழத்தில் தக்கை போட பெய்ட்காஸ்டர் ஒத்துவருமா?

கேள்வி: விராலுக்காக வாங்கிய ஆறரை அடி ராடும் (தூண்டில் கோல்) லோ-புரொஃபைல் பெய்ட்காஸ்டர் ரீலும் (ராடின் மேலே உட்காரும், கட்டைவிரலால் அடக்கும் தட்டையான ரீல்) வைத்திருக்கிறேன். நெரிஞ்சிப்பேட்டை கதவணைக்கு மேலே காவிரியில் ரோகு, கட்லாவுக்குத் தக்கை போட்டுப் பார்த்தேன். ஆழம் 15 அடி இருக்கும். வீசினால் நரம்பு (தூண்டில் நூல்) சிக்கு விழுகிறது. சிக்குக்குப் பயந்து ரீலின் திருகை இறுக்கினால் தக்கை தண்ணீரோடு போகாமல் கரைப்பக்கம் இழுபடுகிறது. ரீலை மாற்றிவிடலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: ரீல் இருக்கட்டும். மாற்ற வேண்டியது ராடு. அதற்கும் முன்னால், இறுக்கிய திருகைத் தளர்த்துங்கள்.

உங்கள் ரீலில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இடம் இரண்டு. கைப்பிடிப் பக்கம் இருக்கும் சின்னத் திருகு, ஸ்பூலின் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) அச்சு முனையை அழுத்துகிறது. ஸ்பூல் வேகமாகச் சுற்றினாலும் மெதுவாகச் சுற்றினாலும் அதன் பிடி ஒன்றுதான். எதிர்ப்பக்கம் இருக்கும் பிரேக் அப்படியில்லை. காந்தமோ, உள்ளே விரிந்து உரசும் குட்டிக் கட்டைகளோ, எதுவானாலும் ஸ்பூலின் வேகம் கூடினால்தான் அதன் பிடியும் கூடும். தக்கை நடை வேகத்தில் மிதந்து போகும்போது பிரேக் இருப்பதே தெரியாது. அதனால் வீச்சை அடக்கும் வேலையைப் பிரேக்கிடம் விடுங்கள். திருகை, ஸ்பூல் இடவலமாக ஆடாத அளவுக்கு மட்டும் வைத்தால் போதும். பிரேக் முதலில் முக்கால் பங்கு இருக்கட்டும், கட்டைவிரல் பழகப் பழகக் குறைத்துக்கொள்ளலாம். தக்கை தண்ணீரைத் தொடும் நொடியில் ஸ்பூலைக் கட்டைவிரலால் அமுக்க மறந்தால் மட்டும் எந்த பிரேக்கும் காப்பாற்றாது.

இது பழகிவிட்டால் ஓடும் தண்ணீரில் பெய்ட்காஸ்டரின் அருமை தெரியும். வீசும்போது ஸ்பூல் சுற்றாத ஸ்பின்னிங் ரீலில், நரம்பைப் பிடித்திருக்கும் கம்பியைத் திறந்துவிட்டால் நரம்பு சுருள் சுருளாக விழும். மீன் கடித்ததும் கம்பியை மூடிவிட்டுத்தான் சுண்ட வேண்டும் (முள் வாயில் ஏற ராடை வெடுக்கென்று இழுப்பது). பெய்ட்காஸ்டரில் நரம்பு விரலுக்கடியிலேயே ஓடுகிறது. தக்கை அமிழ்ந்ததும் ஸ்பூலை அமுக்கிச் சுண்டிவிடலாம்.

இப்போது ராடு. 15 அடி ஆழத்தில் நரம்பு தண்ணீர்மேல் படுத்து வந்து, தக்கையில் மடங்கிச் செங்குத்தாக இறங்குகிறது. அந்த மடிப்பு நிமிர்ந்த பிறகுதான் சுண்டு முள்ளுக்குப் போய்ச் சேரும். ஆறரை அடி ராடால் அவ்வளவு நரம்பை அள்ள முடியாது. போதாக்குறைக்கு விரால் ராடு விறைப்பானது, ரோகு, கட்லாவின் வாயோ மெத்தென்றது, கிழிந்துவிடும். 9 அல்லது 10 அடி, நடுத்தர வளைவு, 10 முதல் 30 கிராம் வரை வீசலாம் என்று எழுதியிருக்கும் காஸ்டிங் ராடாகப் பாருங்கள். கடையிலேயே நரம்பைக் கோத்து வளைத்துப் பாருங்கள். வளையங்கள் மேல்பக்கம் இருப்பதால், எண்ணிக்கை குறைவாக இருந்தால் நரம்பு ராடின் உடம்பில் உரசும். அப்படி உரசினால் அந்த ராடு வேண்டாம்.

ராடு நீளமானாலும் 15 அடிக்குத் தக்கையைக் கட்டி வைத்து வீச முடியாது, நரம்பில் தடைமுடிச்சு வரை ஓடும் நழுவும் தக்கைதான் வழி. மேலிருந்து கீழாக: தடைமுடிச்சு, பாசிமணி, தக்கை, ஈயம், ஸ்விவல் (முறுக்கு விழாமல் சுழலும் இணைப்பு), ஒன்றரை அடி லீடர் (முள் கட்டும் துண்டு நரம்பு), முள். முடிச்சு ராடின் வளையங்களைத் தாண்டி ஸ்பூலுக்குள் சுற்றிக்கொள்ள வேண்டும். அதை மெல்லிய நூலில் போட்டு, வால்களை ஒட்ட வெட்டாமல் ஒரு சென்டிமீட்டர் விடுங்கள். ஒட்ட வெட்டிய குச்சி முனை, ரீலின் முன்னால் இடவலமாக ஓடும் நரம்பு வழிகாட்டியில் தட்டும். நீண்ட வால் மடங்கிப் போய்விடும். 15 கிராம் தாங்கும் தக்கைக்கு 12 கிராம் ஈயம் சரி. ஈயம் குறைந்தால் நரம்பு தக்கைக்குள் நழுவி இறங்கவே யோசிக்கும்.

ஆழம் சரியா என்பதைத் தக்கையே சொல்லும். படுத்துக் கிடந்தால் ஈயம் தரையில் இருக்கிறது. தலை ஓட்டத்தின் பக்கம் சாய்ந்தால் முள் தரையில் இழுபடுகிறது, முடிச்சைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். தலை எதிர்ப்பக்கம் சாய்ந்தால் நீங்கள்தான் நரம்பைப் பிடித்திருக்கிறீர்கள்.

நரம்பு 12 முதல் 14 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நரம்பு) போதும். விராலுக்கான தவளை தூண்டிலுக்குப் போட்ட பிரெய்டு (பின்னிய நரம்பு) மிதக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் முடிச்சு வழுக்கும், இழுபடும் தன்மையும் கிடையாது. மெத்தென்ற வாய்க்கு மோனோதான் என் தேர்வு. விராலுக்கு இறுக்கிப் பூட்டிய டிராக்கையும் (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) ஒன்றரை கிலோ இழுப்புக்குத் தளர்த்திவிடுங்கள்.

மாவு உருண்டை போட்டால் தலைக்கு மேலே வீச வேண்டாம், பாதி வழியில் மாவு பறந்துவிடும். பக்கவாட்டில் மெதுவாக எறியுங்கள். தக்கையும் ஈயமும் சேர்ந்து 10 கிராமுக்குக் கீழே என்றால் பெய்ட்காஸ்டரோடு மல்லுக்கட்டாதீர்கள், ஸ்பின்னிங் ரீலே மேல்.

அங்கே மீன்பிடி உரிமை யாரிடம் குத்தகைக்கு இருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவணைகள் மின்சாரம் எடுப்பதற்காகக் கட்டியவை. தண்ணீர் மட்டம் சொல்லாமல் மாறும், பாறைமேல் நின்று போடாதீர்கள். இந்த வாரம் பழைய ராடிலேயே திருகைத் தளர்த்திப் போட்டுப் பாருங்கள், புது ராடுக்கு அடுத்த மாதம் செலவழிக்கலாம்.